சரளைக்கு மேல் நிற்கும் தண்ணீர்

பாளையங்கோட்டை வாசகர் ஒருவர் புளோரிடாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். வீடுகளுக்கு நடுவே கோல்ஃப் மைதானம் உள்ள குடியிருப்பு. "சாயங்காலம் மழை கொட்டுது. விட்ட கொஞ்ச நேரத்துல பந்து உருட்ட வந்துடுதாங்க. நிலமோ மேடு பள்ளம் இல்லாத சமதளம். நம்ம ஊர் மைதானத்துல ரெண்டு நாளு தண்ணி நிக்குமே அண்ணாச்சி, எப்படி?" என்று கேட்கிறார்.

சமதளத்துக்கு விடை எளிது. குளம் வெட்டுகிறார்கள், வெட்டிய மண்ணில் மேடு எழுப்புகிறார்கள், மழைநீர் மேட்டிலிருந்து குளத்துக்கு வடிகிறது. அங்கே பெரும்பாலும் வளர்ப்பது நம் அருகம்புல்லும் அதன் ஆப்பிரிக்க உறவும் கலந்த ஒட்டுப்புல். 3 மி.மீ. உயரத்துக்கு ஒட்ட வெட்டினாலும் தாங்கும்.

அருமையான சங்கதி புல்லுக்குக் கீழே இருக்கிறது. பந்து விழ வேண்டிய குழி இருக்கும் இடத்தை 'கிரீன்' என்பார்கள். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் முதன்முதலாக வெளியிட்ட முறைப்படி, மேலே சுமார் 30 செ.மீ. மணல், அதன் அடியில் 10 செ.மீ. சரளை, அதற்கும் கீழே துளையிட்ட வடிகுழாய். சரளை போடுவது தண்ணீரைச் சட்டென்று இறக்கத்தான் என்று நினைப்போம். அது முதலில் செய்வது நேர்மாறு, தண்ணீரைத் தடுத்து நிறுத்துகிறது!

மணல் துகள்களுக்கு இடையே உள்ள சந்து குறுகல். குறுகிய சந்து தண்ணீரை இறுகப் பிடிக்கும், விளக்குத் திரி எண்ணெயைப் பிடிப்பதைப் போல. சரளையின் இடைவெளி அகலம், அதற்கு அந்தப் பிடி கிடையாது. அதனால் இறங்கி வரும் ஈரம் இரண்டும் சந்திக்கும் இடத்தில் நின்றுவிடுகிறது. கீழே காலியிடம் இருக்கிறது, புவியீர்ப்பும் இழுக்கிறது, ஆனாலும் மணல் விடுவதில்லை. மேலும் மழை பெய்யப் பெய்ய மணலின் அடிப்பகுதி நிரம்புகிறது. மேலே சேர்ந்த நீரின் எடை மணலின் பிடியை மிஞ்சியதும் சரளைக்குள் பாய்ந்து குழாய்க்குப் போகிறது. உபரி வடிந்ததும் மணல் மறுபடி பிடித்துக்கொள்கிறது. அடைமழையில் வடிகால், வெயில் நாளில் வேருக்கு ஈரம். மோட்டாரும் இல்லை, வால்வும் இல்லை, துகளின் பருமன் மட்டும்தான். எவ்வளவு அழகான ஏற்பாடு!

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். தொட்டியின் அடியில் ஓட்டுச்சில்லைப் பரப்பினால் நன்றாக வடியும் என்று பலரும் நம்புகிறோம். இதே காரணத்தால் ஈரம் சில்லுக்கு மேலேயே நின்று வேரை நெருங்குகிறது. மண் ஒழுகாமலிருக்க ஓட்டையின் மேல் ஒரு சில்லு போதும்.

சரி, நம் பள்ளி மைதானங்களில் இதைச் செய்யலாமா? கரிசல் மண் ஈரம் பட்டால் உப்பி, இருக்கிற இடைவெளியையும் அடைத்துக்கொள்ளும். ஆகவே மேல்மண்ணை மாற்றித்தான் ஆக வேண்டும். அதற்காகத் தாமிரபரணியில் ஒரு கூடை மணல்கூட அள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கோவில்பட்டியில் 1901 முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி இருக்கிறது. குவாரித் தூளை எந்தப் பருமனில் சலித்து எந்தச் சரளைமேல் பரப்பினால் எவ்வளவு ஈரம் நிற்கும் என்று பார்க்க, அரசு அவர்களுக்குப் பணமும் ஒரு பள்ளி மைதானமும் கொடுக்கட்டும்.