ஜாவா தேடினால் ஜாவாஸ்கிரிப்ட் ஏன் வருகிறது?

வேலைவாய்ப்புத் தளத்துக்கு முதன்முதலாக டேட்டாபேஸ் வடிவமைக்கிறவர்கள் பெரும்பாலும் செய்கிற ஒரு காரியம் உண்டு, நானும் செய்திருக்கிறேன்: விண்ணப்பதாரர் டேபிளில் 'திறன்கள்' என்று ஓரிடம் ஒதுக்கி, அதில் 'ஜாவா, டேலி, எக்செல்' என்று கமா போட்டு அடுக்கிவிடுவது. பத்துப் பேர் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒரு நிறுவனம் ஜாவா தெரிந்த ஆட்களைத் தேடும். அந்த எழுத்துகள் நடுவில் எங்கே வந்தாலும் பிடி என்றுதான் கேட்க முடியும், உடனே ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் தெரிந்தவரும் வந்து நிற்பார். சாதாரண இண்டெக்ஸும் (சீக்கிரம் தேட டேட்டாபேஸ் வைத்திருக்கும் அகரவரிசைப் பட்டியல் மாதிரி) இதற்கு உதவாது, டேபிள் முழுக்கத் துழாவ வேண்டியதுதான்.

டேபிளின் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரே ஒரு மதிப்புதான் இருக்க வேண்டும். 1970இல் ஐபிஎம்மின் எட்கர் காட், தரவுகளை டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் மாடலை முன்வைத்தபோதே இதைச் சொல்லிவிட்டார்.

சரி, எப்படிப் பிரிப்பது? திறன்களுக்குத் தனி டேபிள், ஜாவாவுக்கு 4, டேலிக்கு 9 என்று எண். ஆட்களையும் திறன்களையும் இணைக்க நடுவில் இன்னொரு டேபிள், அதில் (17, 4), (17, 9), (23, 4) என்று வெறும் எண்ஜோடிகள், முதலில் ஆளின் எண், அடுத்தது திறனின் எண். ஜாவா, டேலி இரண்டுமே தெரிந்தவர் வேண்டுமா? 4, 9 உள்ள வரிகளை எடுத்து ஆள்வாரியாக எண்ணினால் யாருக்கு இரண்டு வருகிறதோ அவர்தான், இங்கே 17.

விண்ணப்பமும் இப்படி ஒரு நடு டேபிள்தான், ஆளுக்கும் வேலைக்கும் இடையில். 'அப்ளை' பட்டனைப் பதற்றத்தில் இரண்டு தடவை அமுக்குவார்கள். 'ஏற்கெனவே இருக்கிறதா' என்று நிரலில் பார்த்தால் போதாது, ஒரே நொடியில் வரும் இரண்டு கோரிக்கைகளும் 'இல்லை' என்றே பார்த்து இரண்டும் உள்ளே போய்விடலாம். ஆள் எண்ணும் வேலை எண்ணும் சேர்ந்த ஜோடி ஒருமுறைதான் வரலாம் என்று டேபிளிலேயே யுனிக் கட்டுப்பாடு போட்டால் இரண்டாவதை டேட்டாபேஸே திருப்பி அனுப்பிவிடும்.

ரெஸ்யூமே மட்டும் வேறு கதை. எதையும் ஓரிடத்தில்தான் வைக்க வேண்டும் என்று படித்துவிட்டு, விண்ணப்பத்திலிருந்து ஆளின் இப்போதைய ரெஸ்யூமேவுக்கு இணைப்பு மட்டும் கொடுத்தால், அவர் அடுத்த மாதம் அதைத் திருத்தும்போது மார்ச்சில் அனுப்பிய விண்ணப்பமும் மாறிவிடும். அன்று அனுப்பியதன் நகல் விண்ணப்பத்தோடே இருக்கட்டும். என்னைக் கேட்டால் இது விதிமீறலே இல்லை, அன்று அனுப்பியது வேறு தகவல், இன்று வைத்திருப்பது வேறு.