சும்மா வந்த பூனைக்கு என்ன செலவு?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஓர் அங்கிள் ஞாயிற்றுக்கிழமை இரவு என் கால்நடைக் கிளினிக்குக்கு வந்தார். கையில் அழுக்குத் துணி போடும் கூடை, மேலே ஒரு துண்டு, உள்ளே சிம்பா. ஐந்து வயது ஆண் பூனை, நல்ல பருமன். "ரெண்டு நாளா வெளிக்குப் போகல டாக்டர், முக்கிக்கிட்டே இருக்கான். விளக்கெண்ணெய் குடுத்துப் பார்த்தேன்" என்றார்.

வயிற்றில் கை வைத்ததுமே தெரிந்துவிட்டது. சாத்துக்குடி அளவில், கல் மாதிரி இறுகிப்போன மூத்திரப்பை. மலச்சிக்கல் இல்லை, மூத்திரம் அடைத்திருக்கிறது. ஆண் பூனையின் மூத்திரக் குழாய் நுனியில் மிகவும் குறுகலானது. மணல் போன்ற படிகமும் சளியும் சேர்ந்து ஒரு சின்ன அடைப்பு விழுந்தால் போதும், சொட்டுக்கூட வெளியே வராது. அப்புறம் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயத் துடிப்பு மந்தமாகும். இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடும். சிம்பாவுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் மிச்சம் இருந்தது.

மயக்க ஊசி, குழாய், டிரிப், ரத்தப் பரிசோதனை, மூன்று நாள் தங்கல், அதற்கு மேல் விடுமுறை நாளின் இரவுக் கட்டணம். பில் எவ்வளவு என்று இங்கே எழுதவில்லை, அது கிளினிக்குக்குக் கிளினிக் மாறும். அவனுடைய இரண்டு வருடச் சாப்பாட்டுச் செலவை அது தாண்டிவிட்டது என்று அங்கிளே கணக்குப் போட்டுச் சொன்னார். "சும்மா வந்த பூனை டாக்டர். கேட்டு பக்கம் கத்திக்கிட்டு இருந்துச்சு, பேத்தி தூக்கிட்டு வந்தா. பூனைக்கு என்ன செலவு, அது பாட்டுக்கு இருக்கும்னு நினைச்சோம்."

டர்பனில் நான் பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். நாய்க்கென்றால் தீவனம், சங்கிலி, ஊசி என்று முன்கூட்டியே பணம் ஒதுக்குவார்கள். பூனைக்கு மட்டும் கணக்கே கிடையாது. செலவு இல்லாமல் இல்லை. தினமும் ஐந்து, பத்து ரேண்டாகப் போகிறது, அவ்வளவுதான். அந்த ஐந்து பத்தை எங்கே மிச்சம் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பெரிய பில் வருகிறது.

அங்கிளிடம் நான் கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எப்ப மூத்திரம் போனான்?" அவருக்குத் தெரியவில்லை. சிம்பா வெளியே செடிப் பக்கம் போய்விட்டு வருவான், யார் பார்க்கிறார்கள்? பூனை வெளிக்குப் போக வீட்டுக்குள் ஒரு தட்டில் மணல் போட்டு வைப்பதை வீண் செலவு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் கணக்கில் அதுதான் மலிவான லேப் டெஸ்ட். ஈரம் பட்டால் கட்டியாகும் வகை மணலில், நல்ல ஆரோக்கியமான பூனை ஒரு நாளைக்கு இரண்டு முதல் நான்கு மூத்திரக் கட்டி விடும். ஒரு நாள் கட்டியே இல்லையென்றால், அல்லது பட்டாணி அளவில் ஏழெட்டு இருந்தால், போனை எடுங்கள். அடிக்கடி தட்டில் ஏறி உட்கார்ந்து முக்கி ஒன்றும் வராத ஆண் பூனையை விடியட்டும் என்று வைத்திருக்க வேண்டாம். சாயங்காலமே கொண்டு வந்தால் செலவும் குறைவு, உயிருக்கும் உத்தரவாதம் அதிகம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். மூட்டையின் விலையைப் பார்க்காதீர்கள், ஒரு நாள் விலையைப் பாருங்கள். நான்கு கிலோ எடையுள்ள பூனைக்குச் சத்து அடர்த்தியான உலர் தீவனம் நாளுக்கு 55 கிராம் அளவில் போதும். மலிவு ரகத்தில் அதே வயிறு நிறைய 70 கிராம் போக வேண்டியிருக்கும். ஒரு பேச்சுக்கு, இரண்டு கிலோ பை 200 ரேண்ட், மலிவுப் பை 140 ரேண்ட் என்று வையுங்கள். முதலாவது 36 நாள் வரும், அடுத்தது 28 நாள். நாளுக்கு ஐந்தரை ரேண்ட், ஐந்து ரேண்ட். கடையில் 60 ரேண்டாகத் தெரிந்த வித்தியாசம் வீட்டில் அரை ரேண்டுதான். தட்டில் எப்போதும் மலையாகக் குவித்து வைப்பதை நிறுத்தினாலே அந்த அரை ரேண்ட் திரும்ப வந்துவிடும். சிம்பாவும் ஒரு கிலோ இளைப்பான்.

உலர் தீவனத்தில் நீர் பத்து சதவீதம் அளவுதான். டின்னிலோ பாக்கெட்டிலோ வரும் ஈரத் தீவனத்தில் எழுபத்தைந்துக்கு மேல். பூனை பாலைவன வம்சம், தாகம் எடுத்துத் தண்ணீர் தேடிக் குடிப்பது குறைவு. அதனால் ஒரு தடவை அடைப்பு வந்த ஆண் பூனைக்கு ஈரத் தீவனத்தை நான் கட்டாயம் என்றே சொல்வேன். விலை கூடத்தான். ஆனால் அடைப்பு திரும்ப வருவது சகஜம், அந்த இரவை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் எல்லோரும் "டின் மீன் குடுக்கலாமே" என்பார்கள். நியாயம்தான். இந்த நாட்டில் மனிதர் சாப்பிடும் டின் பில்சர்டுக்கு (மத்தி இன மீன்) வாட் வரி கிடையாது, பூனைத் தீவனத்துக்கு 15 சதவீதம் உண்டு. கல்லாவில் நிற்கும்போது எது லாபம் என்று கண்ணுக்குத் தெரிகிறது. எப்போதாவது ஒரு துண்டு கொடுத்தால் தப்பில்லை. தினமும் அதுவே என்றால் உப்பும், எண்ணெய் மீனால் வரும் வைட்டமின் ஈ குறைவும் சேரும். கொழுப்பு மஞ்சளாக வீங்கி, தொட்டாலே கத்தும் பூனையை ஒரு தடவை பார்த்தால் மறக்க மாட்டீர்கள். வெங்காயம் பூண்டு போட்டுத் தாளித்த டின் மீன் கறி வேண்டவே வேண்டாம், வெங்காயம் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஜூன், ஜூலையில் டர்பனுக்குத் தெற்கே உள்ள கடற்கரைக்கு மத்தி வரும்போது வாளி வாளியாக அள்ளி வருகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

அடுத்தது புரட்டாசி. சண்டைக்கு வராதீர்கள், நானும் விரதம் இருப்பவன்தான். வீட்டில் கவுச்சி வாசமே கூடாது என்று பூனைக்கும் பருப்புச் சோறு வைக்கும் ஆயாக்களை எனக்குத் தெரியும். பூனை கட்டாய ஊன் உண்ணி. டாரின் என்ற சத்தை அதன் உடம்பால் தேவைக்குத் தயாரித்துக்கொள்ள முடியாது, இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் இதயத் தசை தளர்ந்து வீங்கும் என்று 1987-இல் கண்டுபிடித்த பிறகுதான் தீவனங்களில் டாரினைக் கூட்டிச் சேர்க்க ஆரம்பித்தார்கள். ஒரு மாதத்தில் இதயம் கெட்டுவிடாது என்பது உண்மை. ஆபத்து வேறு இடத்தில். குண்டுப் பூனை சோற்றை முகர்ந்துவிட்டு மூன்று நான்கு நாள் பட்டினி கிடந்தால், உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ப் படியும். காது மடல் மஞ்சளாகும். அதற்குக் குழாய் வழியாக வாரக்கணக்கில் உணவு ஏற்ற வேண்டும். அடைப்பு பில்லெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது.

வழி இருக்கிறது. தீவனத்தை மூடி போட்ட டப்பாவில் அடைத்து வராந்தாவில் வைத்துவிடுங்கள், சமையலறைப் பக்கமே வர வேண்டாம். ஆனால் தட்டை வெளியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். வெர்வெட் குரங்குக்கும் சேர்த்து மூட்டை வாங்க வேண்டி வரும். எங்கள் வீட்டில் இரண்டு வாரம் பூனை ஏன் இளைக்கிறது என்று புரியாமல் குழம்பிவிட்டு, ஒரு நாள் காலையில் கம்பி வழியாக நீண்ட சின்னக் கறுப்புக் கையைப் பார்த்தேன்.

புரட்டாசிக்குள்தான் செப்டம்பர் 28, உலக வெறிநோய் நாளும் வருகிறது. எங்கள் மாகாணமான குவாசுலு-நட்டாலில் வெறிநோய் இன்னும் இருக்கிறது. நாய்க்கு மட்டுமல்ல, பூனைக்கும் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். மூன்று மாத வயதில் ஒன்று, ஒரு வருடத்துக்குள் அடுத்தது, பிறகு மூன்று வருடத்துக்கு ஒரு தடவையாவது. அரசுக் கால்நடைத் துறை முகாம்களில் இது இலவசம், ஒரு சென்ட் செலவில்லை. ஆனாலும் வரிசையில் பூனையோடு நிற்பவர்கள் குறைவு. கூடை இல்லை என்பார்கள். தலையணை உறை போதும், காற்றுப் போனால் சரி.

கருத்தடையைத் தள்ளிப் போடுகிறவர்களுக்கு ஒரே வரி: பெட்டைப் பூனை நான்கைந்து மாதத்திலேயே சினை பிடிக்கும், ஒன்பது வாரத்தில் குட்டி, பால் கொடுக்கும்போதே அடுத்த சினை. வசதி குறைந்தவர்களுக்கு எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்குவதைத் தடுப்புச் சங்கம் போன்ற இடங்களில் சலுகை உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

உண்ணி, தெள்ளு டர்பனின் ஈரக் காற்றில் வருடம் முழுக்க ஓயாது. இதில் மிச்சம் பிடிக்கப்போய்த்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். பெரிய நாய்க்கான மருந்துக் குப்பியை வாங்கி, நாய்க்குப் பாதி, பூனைக்குக் கால் என்று பங்கு போடுகிறார்கள். நாய் மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். நாய்க்கு ஒன்றும் ஆகாது, பூனைக்கு வலிப்பு வரும். அதே மாதிரி, காய்ச்சல் என்று பானடோ (பாராசிட்டமால் மாத்திரை) கொடுப்பது. ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். இரண்டு ரேண்ட் மாத்திரைதான்.

மெடிக்கல் எய்ட் மாதிரி பூனைக்கும் காப்பீடு கிடைக்கிறது. எடுப்பதானால் குட்டியாக இருக்கும்போதே எடுங்கள், ஏற்கெனவே வந்த நோய்க்குப் பணம் தர மாட்டார்கள். இல்லையா, மாதம் ஒரு தொகையைத் தனியாக ஒரு கணக்கில் போட்டு வையுங்கள். வருவதற்கு முன் போன் செய்து "தோராயமா எவ்வளவு ஆகும்?" என்று கேளுங்கள். எங்களுக்குக் கோபம் வராது. கையில் இவ்வளவுதான் இருக்கிறது என்று முதலிலேயே சொன்னால், எந்தப் பரிசோதனையை விடலாம், எதை விடக் கூடாது என்று சேர்ந்தே முடிவு செய்யலாம்.

சிம்பா இப்போது ஈரத் தீவனம், குளியலறையில் ஒரு மணல் தட்டு. தினமும் காலை ஆறரைக்கு அங்கிளிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு போட்டோ வரும், நான் காபியோடு அதைத்தான் பார்க்கிறேன். கீழே ஒரு வரி: "இன்னிக்கு மூணு கட்டி, டாக்டர்."