முதலில் சுகரைப் பாருங்கள்

மனநல வார்டில் ஒருவர் திடீரென்று கத்துகிறார், பக்கத்துக் கட்டிலில் இருப்பவரைத் தள்ளுகிறார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்கிறார். நோய் முற்றிவிட்டது, ஊசி போட்டுத் தூங்க வைக்க வேண்டியதுதான் என்று தோன்றும். ஆனால் அவருக்குச் சர்க்கரை நோயும் இருந்தால் நல்ல நர்ஸ் முதலில் எடுப்பது குளுக்கோமீட்டரைத்தான். "அண்ணே, ஒரு நிமிஷம், விரலை மட்டும் கொடுங்க."

ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மி.கி.க்குக் கீழே இறங்கினால் உடம்பு அட்ரினலினைச் சுரக்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, எரிச்சல் எல்லாம் அதனால்தான். 54க்கும் கீழே போனால் மூளையே தடுமாறும். அது பெரும்பாலும் குளுக்கோஸில்தான் ஓடுகிறது, சேமிப்பு என்று அதனிடம் ஏறக்குறைய எதுவும் இல்லை. பேச்சு குழறுவதும் ஆளை அடையாளம் தெரியாமல் போவதும் பார்ப்பவர்களுக்கு மனநோயாகவே தெரியும். அந்த நேரத்தில் தூக்க ஊசி போட்டால் அறிகுறிகள் அடங்கிவிடும், சர்க்கரை மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும், நாமோ அவர் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டிருப்போம். எனக்கு இதைவிடப் பயமான விஷயம் இந்த வார்டில் இல்லை.

சர்க்கரை ஏன் இறங்குகிறது? பல நேரம் சாப்பாட்டால்தான். உணவில் விஷம் கலந்திருக்கிறது என்று நம்புகிறவர், இன்சுலின் போட்ட பிறகு இட்லித் தட்டைத் தள்ளிவிட்டால் போட்ட மருந்து சும்மா இருக்காது. அதனால் இப்படிப்பட்டவருக்கு, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, வேகமாக வேலை செய்யும் இன்சுலினைச் சாப்பிட்ட உடனே போடுவது உண்டு. இறங்கிவிட்டால், விழுங்கும் தெளிவு இருக்கும்போது 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அரை மயக்கத்தில் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அப்போது ரத்தக்குழாய் வழியாகத்தான் குளுக்கோஸ்.

இதற்கு நேர்மாறாக, சர்க்கரை ஏறும் பிரச்சினையும் உண்டு. ஒலான்சபின், குளோசபின் மாதிரி மனநோய் மருந்துகள் மூளையில் ஹிஸ்டமின், செரட்டோனின் என்ற வேதிப்பொருள்கள் வந்து ஒட்டும் ஏற்பிகளைத் தடுப்பதால் போதும் என்ற உணர்வே வராது, எடை கூடும், இன்சுலினுக்கு உடம்பு சரியாகப் பணியாது. அவர் இன்னொரு பன் கேட்பது பேராசை இல்லை, மருந்தின் பசி, தயவுசெய்து திட்டாதீர்கள். மருந்தை நாமாக நிறுத்தவும் கூடாது. எடை, இடுப்பளவு, சுகர் மூன்றையும் தொடக்கத்திலேயே குறித்து வைத்தால்தான் ஏற்றம் கண்ணில் படும்.

அப்புறம் தண்ணீர். ஓயாமல் குடிக்கிறார் என்றால் சுகர் ஏறியிருக்கலாம், மனநிலையைச் சீராக்கத் தரும் லித்தியம் மருந்து சிறுநீரகத்தைப் பாதித்திருக்கலாம், மனநோயின் உந்துதலாகவும் இருக்கலாம். எது என்று சோதனைதான் சொல்லும்.