பழைய கொரோலாவில் புதிய இன்ஜின்: கப்பலேறாத பின்பாதி

மலேசியாவின் தாப்பா வட்டாரத்தில் 1970களின் டொயோட்டா கொரோலா கே.ஈ.30 ஒன்றை வைத்திருப்பவர் அதில் 4ஏ-ஜிஇ 20 வால்வு இன்ஜினைப் பொருத்த நினைத்தால், முதலில் தேடுவது ஜப்பானிலிருந்து வரும் ஹாஃப்கட்டைத்தான். அறுத்து அனுப்பப்படும் அந்த முன்பாதியில் இன்ஜின், வயரிங், கட்டுப்பாட்டுக் கணினி என வேண்டியவை யாவும் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்டிய தொட்டியும், தொட்டிக்குள் மூழ்கிக் கிடந்த மின்பம்பும் வாகனத்தின் பின்பாதியில் இருந்தவை. அவை கப்பலேறுவதே இல்லை. ஆகவே புதிய இன்ஜின் தன் பழைய வீட்டில் பெற்றுவந்த எரிபொருள் ஏற்பாட்டை, வேறொரு காலத்துக்கென அமைந்த தொட்டியைச் சுற்றி மறுபடியும் உருவாக்க வேண்டியிருக்கிறது.

கொரோலாவின் பழைய 3கே இன்ஜினில், பக்கவாட்டில் திருகப்பட்ட சிறிய பம்பு ஒன்று உண்டு. கேம்ஷாஃப்ட் சுழலும்போது அதன் நெம்புகோல் அசைந்து, உள்ளிருக்கும் சவ்வு பெட்ரோலை இழுத்துத் தள்ளும். அது தரும் அழுத்தம் 0.2 முதல் 0.35 பார் வரைதான். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தை நிரப்ப அதுவே போதும். கிண்ணம் நிரம்பியதும் மிதவை ஊசியை மேலே தள்ளி வழியை அடைத்துவிடும். அதன்பின் எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது உள்ளே விரையும் காற்றுதான்.

புதிய இன்ஜினில் கார்புரேட்டருக்குப் பதிலாக இருக்கும் இன்ஜெக்டர் வேலை செய்யும் முறை வேறு. அது மின்காந்தத்தால் திறந்து மூடும் மிக நுண்ணிய வால்வு. இன்ஜின் நிதானமாக ஓடும்போது அது ஒவ்வொரு முறையும் இரண்டு, மூன்று மில்லிவினாடிகள் மட்டுமே திறந்திருக்கும். கணினி நேரத்தை மட்டுமே அளந்து கொடுக்கிறது. அந்த நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் பாயும் என்பது அழுத்த வேறுபாட்டைப் பொறுத்தது. பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறுவதால், 3 பார் இருக்க வேண்டிய இடத்தில் 2 பார் மட்டுமே இருந்தால் பெட்ரோல் ஏறத்தாழ 18 விழுக்காடு குறையும். இந்தக் குறைவு கணினிக்கு நேரடியாகத் தெரிவதில்லை. முழு வேகத்தில், பெட்ரோல் போதாமல் சூடு மிஞ்சி, அது பிஸ்டனையே உருக்கக்கூடும்.

அழுத்தச் சீராக்கியில் மெல்லிய வெற்றிடக் குழாய் ஒன்று இணைந்திருப்பதன் காரணமும் இதுதான். இன்ஜெக்டரின் ஒரு முனையில் பெட்ரோலும் மறுமுனையில் காற்றுவழியின் வெற்றிடமும் இருக்கின்றன. வெற்றிடம் கூடும்போது சீராக்கி பெட்ரோலின் அழுத்தத்தையும் அதே அளவுக்குக் குறைத்து, வேறுபாட்டை மாறாமல் காக்கிறது. தேவைக்கு மிஞ்சிய பெட்ரோல் திரும்புகுழாய் வழியாகத் தொட்டிக்குப் போகும். பழைய காரின் திரும்புகுழாய் மெலிதாக இருந்தாலோ, அப்படி ஒன்று இல்லாமலே இருந்தாலோ, வெளியேற வழியில்லாத பெட்ரோல் அழுத்தத்தை உயர்த்திவிடும்.

பம்பைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு எளிது. இந்த இன்ஜின் தரும் 160 குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 118 கிலோவாட். ஒரு கிலோவாட்-மணிக்கு 300 கிராம் பெட்ரோல் என்று கொண்டால் மணிக்கு 35 கிலோ, அதாவது 48 லிட்டர் அளவில் தேவைப்படும். 3 பார் அழுத்தத்தில் மணிக்கு 120 லிட்டர் தரும் பம்பு இதற்குத் தாராளம். 'பெரிய பம்பு போட்டால் நல்லதுதானே' என்று 255 லிட்டர் பம்பை வாங்குவோரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சாலை நெரிசலில் நிற்கும் இன்ஜின் மணிக்கு ஒரு லிட்டர் அளவே குடிக்கும். மீதியெல்லாம் சூடான இன்ஜின் அறையைச் சுற்றிவிட்டுத் தொட்டிக்கே திரும்பி, அங்குள்ள பெட்ரோலையும் சூடாக்கும். நம் ஊர் நண்பகலில், தொட்டி கால்வாசிக்குக் கீழே இருக்கும்போது, இது சிறிய விஷயமன்று.

சூட்டுக்கு அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. மின்பம்பு தள்ளுவதில் வல்லது, இழுப்பதில் பலவீனமானது. அது இழுக்கும் பக்கத்தில் அழுத்தம் குறையும்போது, வெதுவெதுப்பான பெட்ரோலின் இலேசான கூறுகள் அங்கேயே ஆவியாகிவிடும். ஆவியைப் பிடித்துத் தள்ள பம்பினால் இயலாது. ஆதலால் பம்பைத் தொட்டிக்குள்ளோ, தொட்டியின் அடிமட்டத்துக்கும் தாழ்வாகவோ வைக்க வேண்டும். உள்ளே மூழ்கியிருந்தால் பெட்ரோலே அதைக் குளிர்விக்கும்.

இனிச் சிக்கலின் மையத்துக்கு வருவோம். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் 59ஆம் எண் சாலையில் வளைவுக்குப் பின் வளைவாக வரும். பழைய தொட்டிக்குள் பெரும்பாலும் பெட்ரோலை ஓரிடத்தில் பிடித்து வைக்கும் கிண்ணம் இருப்பதில்லை. நீண்ட வளைவில் பெட்ரோல் ஒருபக்கமாக ஒதுங்கும்போது, இளநீர் தீரும் தறுவாயில் உறிஞ்சுகுழல் காற்றை இழுப்பதுபோல, பம்பும் காற்றை விழுங்குகிறது. கார்புரேட்டர் இருந்த காலத்தில் மிதவைக் கிண்ணத்தின் சேமிப்பு அந்தச் சில வினாடிகளைத் தாங்கிக்கொண்டது. இன்ஜெக்டருக்கு அப்படியொரு சேமிப்பு இல்லை. "அண்ணே, பிளக்கும் புதுசு, காயிலும் புதுசு, நேர்ச்சாலையில் நன்றாகத்தான் ஓடுகிறது, வளைவில் மட்டும் ஏன் இருமுகிறது?" என்று பட்டறையில் கேட்கும் இளைஞர், பெரும்பாலும் இந்தக் காற்றைப் பற்றித்தான் தன்னையறியாமல் கேட்கிறார்.

இதற்கு வழக்கமான தீர்வு ஒன்று முதல் இரண்டு லிட்டர் கொள்ளும் இடைத்தொட்டி. குறைந்த அழுத்தப் பம்பு ஒன்று பெரிய தொட்டியிலிருந்து அதை இடைவிடாமல் நிரப்பும். உயர் அழுத்தப் பம்பு அதன் அடியிலிருந்து எடுக்கும். சீராக்கியிலிருந்து திரும்புவது அதற்குள் விழும். மிஞ்சியதும் காற்றும் உச்சியிலுள்ள குழாய் வழியே பெரிய தொட்டிக்குப் போகும். இந்த வரிசையில் குழாய் ஒன்றை மாற்றி இணைத்தாலும் பயனில்லை. பளபளக்கும் அலுமினிய இடைத்தொட்டியைப் பின்பெட்டியில் காட்சிக்கு வைப்பது இப்போதைய பாணியாக இருக்கிறது. ஆயினும் பயணிகள் அமரும் இடத்தோடு காற்றுத் தொடர்புள்ள பகுதியில் பெட்ரோலைத் தேக்குவதைவிட, பழைய தொட்டியைத் திறந்து கிண்ணமும் மூழ்குபம்பும் பொருத்துவதே மேல் என்பது என் கருத்து. வேலை அதிகம்தான், மேலும், ஆவி முழுவதும் அகலும்வரை அத்தொட்டியில் யாரும் பற்றவைப்பு (வெல்டிங்) கருவியைக் கொண்டுபோகக் கூடாது.

ரப்பர் குழாய்களில் கவனம் வேண்டும். கார்புரேட்டர் குழாய் 3 பாரைத் தாங்குமென நம்பக் கூடாது, எஸ்.ஏ.இ. ஜே30ஆர்9 என்று அச்சிட்ட இன்ஜெக்‌ஷன் குழாயே தேவை. பழைய கிளிப்பைக் கழற்றிப் பார்த்தால், அதன் பள்ளங்கள் குழாயின் தோலைச் சீப்புப்போலக் கீறியிருப்பது தெரியும். விளிம்பு மடித்த கிளிப்பு அப்படிக் கீறாது. ஊரைச் சுற்றிச் செம்பனை நிற்கிறது என்றாலும், செம்பனை எண்ணெய் கலக்கப்படுவது டீசலில்தான். பெட்ரோலில் எத்தனால் கலக்கும் கட்டாயம் மலேசியாவில் இல்லாததால், எத்தனால் ரப்பரைக் கெடுக்கும் என்ற வெளிநாட்டு வாகனப் பிரியர்களின் கவலை நமக்குக் குறைவு. துருவோ நமக்கு நிறையவே உண்டு. பம்புக்கு முன் 100 மைக்ரான் வலையும், பின் 10 மைக்ரான் வடிகட்டியும் இருக்க வேண்டும்.

பம்பின் மின்சாரத்தைத் தடித்த வயரில், தனி ரிலேயும் ஃபியூசும் வழியாகக் கொண்டுவர வேண்டும். இன்ஜின் சுழலாதபோது அந்த ரிலேயைக் கணினி துண்டிக்க வேண்டும். விபத்தில் கவிழ்ந்த காரில் பம்பு ஓடிக்கொண்டே இருந்தால், அறுந்த குழாயிலிருந்து பெட்ரோல் பீறிடும். இன்ஜின் எண் மாறுவதால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் ஒப்புதலும் வாகனப் பரிசோதனையும் தேவை என்பதையும் மறக்கலாகாது.

எல்லாம் இணைத்தபின், இன்ஜினை முடுக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். பிறகு பம்பை நிறுத்திவிட்டு அழுத்தமானியைக் கவனிக்க வேண்டும். முள் மெல்ல இறங்கினால் கவலையில்லை. சட்டென விழுந்தால் பம்பின் ஒருவழி வால்வோ, சீராக்கியோ, ஒழுகும் இன்ஜெக்டரோ காரணமாக இருக்கும். திரும்புகுழாயை ஒரு கணம் நெருக்கிப் பிடித்தும் முள் விழுவது நிற்கவில்லையென்றால், சீராக்கியை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் தேடலாம்.