நிலவெட்டுமுகம்: ‘ஜியாலஜிக்கல் கிராஸ் செக்‌ஷன்’ தமிழில்

நிலத்தை மேலிருந்து கீழாக நேரே அறுத்து, அறுத்த பக்கத்துக்கு எதிரே நின்று பார்த்தால் மண்ணும் பாறையும் எந்த வரிசையில், எவ்வளவு கனத்தில், எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கின்றன என்று தெரியும். அதைக் காட்டும் படம்தான் ஜியாலஜிக்கல் கிராஸ் செக்‌ஷன். தமிழில் இதை ‘நிலவியல் குறுக்குவெட்டு’ என்று எழுதுகிறார்கள். தவறென்று தள்ள முடியாது. ஆனால் எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு.

தாவரவியல் படித்தவர்களுக்குக் குறுக்குவெட்டு என்றதும் செடியின் தண்டை வில்லையாக அரிந்ததுதான் நினைவுக்கு வரும். நீளவாக்கில் பிளந்தால் அது நீள்வெட்டு. அந்தக் கணக்கில் பார்த்தால் தண்ணீருக்குப் போடும் போர் குழியின் குறுக்குவெட்டு வெறும் ஒரு வட்டம். நிலவியலார் வெட்டுவதோ செங்குத்தாக. அப்படியென்றால் எதற்குக் குறுக்கு? பாறை அடுக்குகள் நீண்டு ஓடும் திசைக்குக் குறுக்கு. அந்தத் திசையை ஒட்டியே வெட்டினால் சாய்ந்த அடுக்குகூட மட்டமாகத்தான் தெரியும். குறுக்கே வெட்டினால்தான் சாய்வு முழுசாக வெளிப்படும். முன்னதை நெடுக்குவெட்டு என்றும் பின்னதைக் குறுக்குவெட்டு என்றும் பிரித்துச் சொல்லும் இடத்தில் சொல் கச்சிதமாக உட்காருகிறது. எல்லா வெட்டுக்கும் அதையே பொதுப்பெயராக்கும்போதுதான் குழப்பம். (செட்டிநாட்டில் ‘குறுக்கு வலிக்கிறது’ என்றால் இடுப்பில் தைலம் தேய்க்க வேண்டும் என்று பொருள். அது வேறு கதை.)

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். ‘செகாரே’ என்றால் அறுத்தல், அதிலிருந்து செக்‌ஷன். ‘க்ரூக்ஸ்’ என்ற சிலுவையிலிருந்து கிராஸ். இங்கிலாந்தின் நிலவியல் வரைபடத்தை 1815இல் வெளியிட்ட வில்லியம் ஸ்மித், 1817இல் லண்டனிலிருந்து ஸ்னோடன் மலைவரை ஒரு செக்‌ஷன் வரைந்து வெளியிட்டார். அவர் கால்வாய் வெட்டும் வேலையில் அளவையாளராக இருந்தவர். வெட்டிய கரைகளில் அடுக்குகளைக் கண்ணால் பார்த்துப் பழகிய கை அது.

தமிழிலும் ‘வெட்டு’ மண்ணோடு சேர்ந்த சொல்தான். கிணறு வெட்டுகிறோம், குளம் வெட்டுகிறோம், ஊருணி வெட்டுகிறோம். செட்டிநாட்டில் செம்புராங்கல் வெட்டி எடுத்த குழி ஒன்றின் ஓரத்தில் நின்று பாருங்கள். மேலே காலில் உருளும் சரளை. அதன் கீழே துருப்பிடித்த நிறத்தில் ஓட்டை ஓட்டையாகச் செம்புராங்கல். அதற்கும் கீழே வெள்ளையில் சிவப்புத் திட்டு விழுந்த களி. யாரும் வரையாமலே ஒரு வெட்டுமுகம் அங்கே நிற்கிறது. இந்தக் கல்லுக்கு ‘லேட்டரைட்’ என்று பெயர் வைத்தவர் பிரான்சிஸ் புக்கானன். லத்தீனில் ‘லேட்டர்’ என்றால் செங்கல். வெட்டும்போது மெத்தென்று இருந்து காற்றுப்பட்டதும் இறுகிவிடும், வீடு கட்ட ஆகும் என்பதால் அந்தப் பெயர்.

ஆகவே பொதுப்பெயராக நான் எழுதுவது ‘நிலவெட்டுமுகம்’. முகம் என்றால் எதிரே நின்று பார்க்கும் பக்கம். கட்டடம் வரைகிறவர்களுக்கு இது உடனே பிடிபடும். தெருவிலிருந்து பின்தெருவரை நீளும் ஒரு நகரத்தார் வீட்டை நடுவே அறுத்தால் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் வரிசையாகத் தெரியும். எங்கே தரை உயர்கிறது, எங்கே ஓடு சரிகிறது என்பதும் தெரியும். முகப்புப் படத்திலோ தளப்படத்திலோ இது கிடைக்காது.

ஒரே ஒரு வித்தியாசம்: நிலத்தை யாரும் அறுப்பதில்லை. அங்கங்கே துளை போட்டுவிட்டு, நடுவில் உள்ளதை ஊகிக்கிறோம்.

துளைக்கு ஊரில் எல்லாரும் சொல்வது ‘போர்’. துளைத்தல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் அப்படியே தமிழாகிவிட்டது. அரசு அறிவிப்புகளில் ‘ஆழ்துளைக் கிணறு’. தண்ணீருக்கு அது சரி. மண்ணைப் பார்க்க மட்டும் போடும் துளையைக் கிணறு என்பானேன்? ‘ஆய்வுத்துளை’ போதும். துளையில் எத்தனை அடியில் என்ன வந்தது என்ற குறிப்புக்கு ஆங்கிலத்தில் ‘லாக்’. கப்பலின் வேகம் அறியக் கடலில் போட்ட மரக்கட்டைதான் லாக். அந்த அளவைக் குறித்த ஏடு லாக் புக் ஆகி, எல்லாப் பதிவுக்கும் அந்தப் பெயர் பரவியது. தமிழில் ‘துளைப்பதிவு’ என்றால் யாருக்கும் புரியும்.

செட்டிநாட்டில் துளைப்பதிவை வாசிக்க ஒரு உள்ளூர் விவரம் வேண்டும். மேற்கே கடினப்பாறை, கிழக்கே கடலை நோக்கிப் போகப் போக மணற்கல்லும் களியும் அடுக்கடுக்காகப் படிந்த நிலம். மேற்கே ரிக் வண்டிக்காரர் பாறை தட்டும்வரை மட்டும், குழி சரியாமல் தாங்கும் கேசிங் பைப்பை இறக்குவார். வீட்டில் பத்திரமாக வைத்திருக்கும் போர் பில்லில் ‘கேசிங் இத்தனை அடி’ என்று இருந்தால், பாறை ஏறக்குறைய அங்கே தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கிழக்கே குழி சரியும் என்பதால் அடிவரை பைப் இறக்குவார்கள். அங்கே அதே எண்ணை நம்பினால் போச்சு.

சரி, துளைப்பதிவுகளிலிருந்து நிலவெட்டுமுகம் வரையும் மென்பொருளுக்கு வருவோம். ராக்வொர்க்ஸ், ஸ்ட்ரேட்டர், லீப்ஃப்ராக் என்று பல உண்டு. எல்லாவற்றுக்கும் தீனி ஒன்றுதான். துளைவாய் எங்கே இருக்கிறது, கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பது ஒரு அட்டவணை. எந்த ஆழத்திலிருந்து எந்த ஆழம்வரை என்ன மண் என்பது இன்னொன்று. துளை சாய்வாகப் போயிருந்தால் அதற்கும் ஒன்று. பிறகு வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தால், கோட்டை ஒட்டிய துளைகளை வரிசையாக நிறுத்தி அடுக்குகளை இணைத்துக் காட்டிவிடும்.

உயரத்தை விட்டுவிட்டால் படம் பொய் சொல்லும். இப்படி வைத்துக்கொள்வோம்: ஒரு துளைவாய் 90 மீட்டர் உயரத்தில், செம்புராங்கல் 12 மீட்டர் ஆழத்தில் முடிகிறது. இன்னொன்று 82 மீட்டர் உயரத்தில், அங்கே 4 மீட்டரிலேயே முடிகிறது. ஆழத்தை மட்டும் பார்த்தால் அடுக்கின் அடி 8 மீட்டர் மேலே ஏறியதுபோல் இருக்கும். கழித்துப் பாருங்கள்: இரண்டிலும் அடி 78 மீட்டரில்தான். அடுக்கின் அடி மட்டமாகவே கிடக்கிறது. மேலே தரைதான் இறங்கியிருக்கிறது.

பெயரிலும் வம்பு உண்டு. ஒருவர் ‘களி’ என்று எழுதுவார், அடுத்தவர் ‘களிமண்’, மூன்றாமவர் ‘பிசின் களி’. மென்பொருளுக்கு இவை மூன்று வேறு அடுக்குகள். இதற்கு நேர்மாறும் நடக்கும்: மேலே ஆற்றுமணல், ஆழத்தில் பழைய மணற்படிவு, இரண்டுக்கும் ‘மணல்’ என்றே எழுதியிருந்தால் ஒன்றை இன்னொன்றோடு கோத்து, நிலத்தில் இல்லாத ஒரு சரிவை உண்டாக்கிவிடும். ஆகவே கணினியைத் திறக்கும் முன்பே பதிவுகளை உட்கார்ந்து ஒப்பிட்டு, எது எதோடு சேரும் என்று முடிவு செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் இதற்குக் ‘கோரிலேஷன்’. ‘தொடர்பு’ என்று மொழிபெயர்ப்பதைவிட ‘அடுக்குப் பொருத்தம்’ என்றால் வேலை விளங்கும்.

ஒரு துளையில் இருக்கும் அடுக்கு அடுத்ததில் இல்லையென்றால், இடையில் எங்கோ மெலிந்து மறைந்திருக்க வேண்டும், அல்லது பிளவில் அறுபட்டிருக்க வேண்டும். எது என்று மென்பொருளுக்குத் தெரியாது. ஆப்பு வடிவத்தில் அழகாகக் கூராக்கி முடித்துவைக்கும். அந்த அழகுதான் ஆபத்து.

அடுத்தது செங்குத்து மிகைப்பு. 5 கிலோமீட்டர் நீளக் கோட்டை 50 சென்டிமீட்டர் தாளில் வரைந்தால், 100 மீட்டர் ஆழம் 1 சென்டிமீட்டர்தான் வரும். அதில் எதைக் காட்டுவது? ஆகவே உயரத்தை மட்டும் 10 மடங்கு இழுக்கிறோம். அடுக்குகள் தெரிகின்றன, கூடவே சாய்வும் ஊதிப்போகிறது. உண்மையில் 2 பாகை சாய்ந்த அடுக்கு படத்தில் 19 பாகை சாய்ந்து நிற்கும். எத்தனை மடங்கு என்று ஓரத்தில் எழுதாத படத்தை நான் நம்புவதில்லை.

காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீருக்குத் தனி மரியாதை. ஓர் ஊற்று ஏன் அந்த இடத்தில் ஊறுகிறது, பக்கத்துக் காட்டில் ஏன் இல்லை என்று கேட்டால் பதில் தேட வேண்டிய இடம் நிலவெட்டுமுகம்தான்: நீர் தாங்கும் மணல் எங்கே தொடங்குகிறது, அதன்மேல் களி மூடியிருக்கிறதா, எந்தப் பக்கம் சாய்கிறது. ஒரு முகம் போதாவிட்டால் பல முகங்களைக் குறுக்கும் நெடுக்குமாக நிறுத்திக் காட்டுவார்கள். ஆங்கிலத்தில் ‘ஃபென்ஸ் டயக்ராம்’, தமிழில் ‘வேலிப்படம்’ என்றே சொல்லலாம். அதிலும் வழக்கம் ஒன்றுதான்: துளையில் கண்ட எல்லை முழுக்கோடு, இரு துளைகளுக்கு நடுவே ஊகித்தது விட்டு விட்டுப் போட்ட கோடு, அதற்கும் துணிச்சல் இல்லாத இடத்தில் கேள்விக்குறி.