கரகரப்புக்கு ஸ்பீக்கர் மேல் பழி போடாதீர்கள்

"அண்ணா, இதுவும் கரகரங்குதுங்கண்ணா. இதையும் மாத்திரலாமா?"

கேட்டவர் காரில் மாட்டியிருந்தது இரண்டாவது ஜோடி ஸ்பீக்கர். முதல் ஜோடி கரகரத்தது என்று மாட்டிய இடத்திலேயே போய்க் கேட்டிருக்கிறார். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று சொல்லி, அதைவிட விலை கூடிய ஜோடியை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். அதுவும் ஏற்காடு ரோட்டில் கோரிமேடு தாண்டுவதற்குள் கரகரக்க ஆரம்பித்துவிட்டது.

டிரைவர் பக்க டோர் பேடைக் கழற்றினேன். வயர்களை இணைக்கும் கம்பெனி கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு, வயர் முனைகளைக் கையால் முறுக்கி, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றி விட்டிருந்தார்கள். சேலம் வெயிலில் பூட்டி நிற்கும் காரின் கதவுக்குள் அந்த டேப்பின் பசை எத்தனை நாள் தாங்கும்? பசை இளகி, டேப் ஒரு விரற்கடை நழுவி, நாலைந்து செம்பு இழைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கண்ணாடியை இறக்கச் சொன்னேன். ரெகுலேட்டரின் இரும்புக் கை அந்த இழைகளை உரசிக்கொண்டே இறங்கியது. உரசும்போதெல்லாம் 'டர்ர்' என்று சத்தம். ஸ்பீக்கரில் ஒரு குறையும் இல்லை. பழைய ஜோடியையும் கொண்டுவரச் சொல்லிப் போட்டுப் பார்த்தோம். அதுவும் தெளிவாகப் பாடியது.

இது முதல் வண்டியாக இருந்தால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது, அதனால் கோளாறும் ஸ்பீக்கரில்தான் என்ற எண்ணம் வண்டிக்காரர்களிடம் மட்டுமில்லை, மாட்டுகிறவர்களிடமும் இருக்கிறது. தனக்கு வருவதை அப்படியே ஒலிப்பதுதான் ஸ்பீக்கரின் வேலை. ஜாயின்ட் விட்டு விட்டுத் தொட்டால் அதையும் ஒலிக்கும். டேஷ்போர்டில் பாட்டுப் போடும் செட் திணறினால் அந்தத் திணறலையும் ஒலிக்கும். நேற்று மாட்டிய புது ஸ்பீக்கர் இன்று கரகரத்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது நேற்று கை பட்ட இடங்களை.

காசு செலவழிக்கும் முன் செட்டில் பேலன்ஸ் (இடது-வலது), ஃபேடர் (முன்-பின்) இரண்டையும் நகர்த்தி, ஒவ்வொரு மூலையாகத் தனியே கேளுங்கள். கரகரக்கும் மூலை தெரிந்ததும், செட்டின் பின்னால் அந்த வயரையும் எதிர்ப்பக்க வயரையும் இடம் மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். கரகரப்பு எதிர்ப்பக்கக் கதவுக்குப் போய்விட்டால் கோளாறு செட்டில். அதே கதவில் நின்றால் வயரிலோ ஸ்பீக்கரிலோ. பிறகு செட்டிலிருந்து வயரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தால், நல்ல 4 ஓம் ஸ்பீக்கர் 3-லிருந்து 4-க்குள் காட்டும். மீட்டரைப் பார்த்துக்கொண்டே கதவைத் திறந்து மூடுங்கள், கீல் பக்க ரப்பருக்குள் போகும் வயரை அசையுங்கள். எண் துள்ளினால் கோளாறு அங்கேதான். இரண்டு வயரில் எதை வண்டியின் பாடித் தகரத்தோடு வைத்து அளந்தாலும் தொடர்பே காட்டக் கூடாது. இன்றைய செட்களில் ஸ்பீக்கரின் மைனஸ் என்பது எர்த் இல்லை, அதிலும் சிக்னல் ஓடுகிறது. பழைய கேசட் செட் காலத்துப் பழக்கத்தில் இன்னமும் சிலர் அதை பாடியில் இறக்குகிறார்கள். செட்டின் உள்ளிருக்கும் ஐசி எரிய அது ஒன்றே போதும்.

ஸ்பீக்கரே போயிருக்கும் வண்டிகளும் உண்டு. ஸ்பீக்கரின் நடுவே கூம்பாக இருக்கும் கோனை விரல்களால் சுற்றிலும் ஒரே சீராக மெதுவாக அழுத்திப் பாருங்கள். மணல் தேய்கிற மாதிரிச் சத்தம் கேட்டால் உள்ளே இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) உரசுகிறது. அதற்கும் பல சமயம் காரணம் மாட்டிய விதம்தான். மட்டமில்லாத ரிங்கில் வைத்து ஸ்க்ரூவை முறுக்கினால் ஸ்பீக்கரின் வெளிக்கூடு கோணி, அந்தக் காயில் உரசும்.

அடுத்தது சத்தம். "50 வாட்ஸ் இன்டு 4-னு போட்டிருக்கு, முழுசா வச்சா என்னங்க?" என்று கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது செட்டுக்குக் கிடைப்பது 14.4 வோல்ட்ஸ். ஸ்பீக்கர் 4 ஓம். தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) இல்லாமல் செட்டே நேராக ஓட்டினால், சிதையாத சத்தமாக வரக்கூடியது ஏட்டளவிலேயே 26 வாட்ஸ்தான். கைக்கு வருவது அதைவிடக் குறைவு. அலையின் தலையும் காலும் முழுக்கச் சதுரமாக வெட்டுப்பட்டால்தான் கணக்கு ஐம்பதைத் தொடும். பெட்டியில் அச்சடித்திருப்பது அந்த எண். வெட்டுப்பட்ட அந்தச் சத்தத்தைத்தான் நீங்கள் கரகரப்பு என்கிறீர்கள். அதில் உயர் அலைகள் அளவுக்கு மீறிப் போவதால் முதலில் எரிவது கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர். ஆம்ப் வைத்தவர்களும் கெயின் திருகை வால்யூம் என்று நினைத்துக் கடைசி வரை திருகி விடுகிறார்கள். செட் கொடுக்கும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்துவதற்குத்தான் அந்தத் திருகு. செட்டை முக்கால்வாசி வால்யூமில் வைத்து, சத்தம் சிதைய ஆரம்பிக்கும் இடம் வரை கெயினை ஏற்றி, அங்கிருந்து சற்றுக் குறைத்து விட்டுவிட வேண்டும்.

ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க 'ங்ஙீ' என்று ஏறும் சத்தம் வேறு. அது பெரும்பாலும் எர்த் கோளாறு. ஆம்பின் எர்த்தைப் பெயின்ட் மேலேயே போல்ட் போட்டு முறுக்கியிருப்பார்கள். தகரம் பளிச்சென்று தெரியும் வரை பெயின்டைச் சுரண்டி, குட்டையான தடித்த வயரில் எர்த் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மலையேறும்போது எஃப்எம்மில் மட்டும் இரைகிறது, பென்டிரைவில் பாட்டு தெளிவாக இருக்கிறது என்றால் ஸ்பீக்கரைத் தொடவே வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளில் மலை மறைக்கும் இடங்களில் சிக்னல் விழுவது இயல்பு. ஊருக்குள்ளேயும் இரைந்தால், செட் மாற்றியபோது ஆன்டெனா பூஸ்டருக்குப் போகும் கரன்ட் வயரை விட்டிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஏற்காட்டிலிருந்து வரும் வண்டிகளில் இன்னொன்றும் பார்க்கிறேன். டோர் பேடுக்குப் பின்னால் கம்பெனி ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்து, ஸ்பீக்கரை மாட்டி, திரும்ப ஒட்டாமல் மூடிவிடுகிறார்கள். கதவுக்குள் மழைத்தண்ணீர் இறங்குவது சாதாரணம், கீழே அதற்கு ஓட்டையும் இருக்கிறது. அதை உள்பக்கம் வராமல் தடுப்பது அந்த ஷீட். அது இல்லாமல் ஒரு மழைக்காலம் போனால் டோர் பேட் நனைந்து ஊறும், வயர் முனை பச்சை பிடிக்கும், காகிதக் கோன் உப்பும். ஷீட்டை ஒட்ட ஐந்து நிமிடம் ஆகுமா? அதற்குக்கூடப் பொறுமை இல்லை என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இவ்வளவுக்கும் வயரை வெட்ட வேண்டிய அவசியமே பெரும்பாலும் கிடையாது. உங்கள் வண்டி மாடலுக்குப் பொருந்தும் ரெடிமேட் கப்ளர் கடையில் கிடைக்கிறது. ஒரு ஜோடி ஸ்பீக்கர் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. அதைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். வெட்டியே ஆக வேண்டிய இடத்தில் சோல்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள், அல்லது முறையாக கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். டேப் மட்டும் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். புது வண்டியாக இருந்தால், வெட்டிய வயரைக் காட்டி எலக்ட்ரிக்கல் வாரண்டியை மறுக்கவும் வாய்ப்புண்டு.

பேட்டரியிலிருந்து ஆம்புக்குப் போகும் வயரில் மட்டும் எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். இன்ஜின் பக்கத் தகரத்தைத் துளைத்து உள்ளே வரும் இடத்தில் வயர் தகரத்தில் உரசாமல் காக்கும் ரப்பர் வளையம் (கிராமெட்) இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் அந்த வயர் தகரத்தில் தேய்ந்து தொட்டால், பேட்டரியின் முழு கரன்ட்டும் அந்த ஒரு இடத்தில் பாயும். வயர் பழுத்து வண்டியே எரியும். பின்சீட்டில் பிள்ளைகளை உட்கார வைத்து மலையேறுகிறீர்கள். தயவுசெய்து பானெட்டைத் திறந்து இன்றைக்கே பாருங்கள்.

வண்டியைக் கையில் வாங்கும்போது, அவசரம் என்று சொல்லிக் கிளம்பிவிடாதீர்கள். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட் போட்டு, ஒவ்வொரு மூலையாகப் பாட்டைக் கேளுங்கள். பாட்டு ஓடும்போதே நான்கு கண்ணாடிகளையும் ஏற்றி இறக்குங்கள், நான்கு கதவுகளையும் திறந்து மூடுங்கள். எங்கேயாவது ஒரு தடவை 'டர்ர்' என்றாலும் டோர் பேடை அங்கேயே திரும்பக் கழற்றச் சொல்லுங்கள். ஜாயின்டைக் கண்ணால் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.