சர்வே பச்சையாக இருக்கிறது, ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள்

இன்னொரு நிறுவனத்தை வாங்கிவிட்டு, இரண்டும் ஒன்றாகிவிட்டன என்று சொல்லும் முதலாளியை இந்த வருடம் பார்ப்பது இது மூன்றாவது முறை. கோவையில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனம், கேரளப் பக்கம் பாலக்காடு அருகே கஞ்சிக்கோட்டில் ஒரு ஃபவுண்டரியை (வார்ப்பாலை) வாங்கி ஓராண்டாகிறது. இரு பக்கத்துப் பணியாளர்களும் எவ்வளவு ஒன்றிவிட்டார்கள் என்று கேட்டு எடுத்த சர்வே ரிப்போர்ட்டை முதலாளி நீட்டினார். எல்லாக் கட்டமும் பச்சை. "கலாச்சாரமெல்லாம் ஒண்ணாயிடுச்சுங்க. அங்கயும் பாதிப் பேர் நம்ம தமிழ் ஆளுங்கதானே?" என்றார். அந்த மாதம்தான் மூன்று மூத்த மோல்டர்கள் (வார்ப்பு அச்சு செய்பவர்கள்) வேலையை விட்டிருந்தார்கள். மூவருமே கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழர்கள்.

மொழி ஒன்றானால் வேலைப் பழக்கம் ஒன்றாகிவிடாது. எல்லையில் இருக்கும் வாளையாருக்கு இந்தப் பக்கம் போனஸ் தீபாவளிக்கு, அந்தப் பக்கம் ஓணத்துக்கு. புது நிர்வாகம் எல்லோருக்கும் ஒரே தேதி என்று தீபாவளிக்குத் தள்ளிவிட்டது. தொகையில் ஒரு ரூபாய் குறையவில்லை. "நாங்க தமிழ்தான் சார். ஆனா எங்க வீட்லயும் ஓணம் உண்டு. ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்றார் விலகியவர்களில் ஒருவர். ஷிப்ட் மாற்றும் முன் யூனியன் செயலாளரிடம் பேசுவது அங்கே அன்றாட நடைமுறை. கோவையிலிருந்து போன மேலாளருக்கு அதுவே தகராறாகத் தெரிந்திருக்கிறது.

அப்புறம் ரிப்போர்ட்டைப் பச்சையாக்கிய அந்தச் சராசரி மதிப்பெண். தயவுசெய்து ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். வாங்கிய பக்கம் 300 பேர், ஆளுக்கு ஐந்துக்கு 5 மதிப்பெண் போடுகிறார்கள். வாங்கப்பட்ட பக்கம் 100 பேர், ஆளுக்கு 2. மொத்தச் சராசரி 4.25. ரிப்போர்ட்டில் பச்சை. இரு பக்கத்தையும் பிரித்து வைத்தால் 3 புள்ளி இடைவெளி கண்ணில் அடிக்கும். அளக்க வேண்டியது அந்த இடைவெளியைத்தான். இங்கே படிவத்தில் பணியாளர் எண்ணையும் கேட்டிருந்தார்கள். மலையாளத்தில் படிவமே இல்லை, மேஸ்திரி படித்துச் சொல்ல மற்றவர்கள் டிக் அடித்திருக்கிறார்கள். மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது யார் குறைத்துப் போடுவார்கள்?

நிறுவனக் கலாச்சாரத்தை நிர்வாகவியல் அறிஞர் எட்கர் ஷைன் மூன்று அடுக்காகப் பிரித்தார்: கண்ணுக்குத் தெரிவது, வாயால் சொல்வது, யாரும் சொல்லாமலே எல்லோரும் நம்புவது. படிவம் இரண்டாவது அடுக்கைத் தாண்டாது. மூன்றாவதை நடத்தையில்தான் பிடிக்க முடியும்.

அதனால் இப்படிக் கேளுங்கள்: "போன வாரம் வேலையில் சிக்கல் வந்தபோது யாரையெல்லாம் கேட்டீர்கள்? ஐந்து பெயர் எழுதுங்கள்." மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்யுங்கள். கஞ்சிக்கோட்டுப் பட்டியலில் கோவைப் பெயர் ஏறவே இல்லையென்றால் இணைப்பு இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. இதற்குப் பெயர்கள் தேவை, ஆகவே வெளியாள் ஒருவர் வாங்கி வைக்கட்டும், நிர்வாகத்துக்குக் கூட்டுத்தொகை மட்டும் போகட்டும். விலகியவர் கணக்கையும் பக்கம் பிரித்தே எழுதுங்கள். ஒரு பேட்டர்ன் (அச்சு எடுக்கும் மாதிரி) திருத்தத்துக்கு ஒப்புதல் வர முன்பு எத்தனை நாள், இப்போது எத்தனை நாள் என்றும் குறியுங்கள்.

அந்த 'முன்பு' கையில் இருக்க வேண்டுமானால் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே அளந்திருக்க வேண்டும். நிலப்பத்திரம், வரி பாக்கி, வழக்கு எல்லாம் மாதக்கணக்கில் பார்க்கிறீர்கள். இதற்கு ஒரு வாரம் ஒதுக்கக் கூடாதா? கார் நிறுவனங்களான ஜெர்மனியின் டைம்லர் பென்ஸும் அமெரிக்காவின் கிரைஸ்லரும் 1998-ல் சமமானவர்களின் இணைப்பு என்று சொல்லிச் சேர்ந்தன. 2007-ல் கிரைஸ்லரின் பெரும்பங்கை விற்க வேண்டியதாயிற்று. இரு பக்கத்து வேலைப் பழக்கமும் ஒட்டாமல் போனது அதற்கு ஒரு முக்கியக் காரணமாக இன்றும் சொல்லப்படுகிறது.

விலகிய மூவரில் ஒருவர் இன்னும் வேறெங்கும் சேரவில்லை. முதலாளி அவர் வீட்டுக்கு ஒரு முறை நேரில் போக வேண்டும், ரிப்போர்ட்டை எடுத்துப் போகாமல் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.